உலக்கை ஏன் பாதியில் நிற்கிறது?

2 செப்டம்பர் 2023

கோவில்பட்டியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது, அப்படியே:

"அண்ணாச்சி, இந்த வருஷம் கொலுவுக்கு என் மகள் ஒரு அசையும் பொம்மை செய்கிறாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பழைய ரப்பர் செருப்பு, கல்யாணப் பத்திரிகை அட்டை, சைக்கிள் போக்ஸ் கம்பி, தீர்ந்துபோன ரீஃபில், இவ்வளவுதான் சாமான். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பெண் உரலில் நெல் குத்த வேண்டும். பெட்டிக்குள் செருப்பில் வெட்டிய சக்கரம் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் உலக்கை பாதி ஏறியதும் சிக்கி நின்றுவிடுகிறது. இன்னும் சுற்றினால் அட்டை வளைகிறது. எங்கே தப்பு? காசு கொடுத்து எதுவும் வாங்கக் கூடாது என்று சபதம் வேறு போட்டிருக்கிறாள்."

2 செப்டம்பர், இரவு

மேல்மூடியில் உலக்கை ஏறி இறங்குகிற ஓட்டை இறுக்கம். கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். ஓடிவிடும்.

3 செப்டம்பர்

எண்ணெயை விடாதீர்கள். இருபத்தெட்டு வருஷமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கை, எதைக் கண்டாலும் எண்ணெய்க் குப்பியைத்தான் தேடுகிறது. அட்டை எண்ணெயைக் குடித்து, ஊறின வடை மாதிரி ஆகிவிடும். அட்டைக்கு மெழுகுவர்த்தி தேய்க்கலாம், இல்லையென்றால் பென்சில் முனையைச் சீவின கரித்தூள். ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால் அந்த மேல்மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பத்திரிகை எடுங்கள். ஆவணி மாதம்தானே, பத்திரிகைக்கா பஞ்சம்.

6 செப்டம்பர்

ஓட்டையைப் பெரிதாக்கியதும் முன்னைவிட மோசமாகச் சிக்குகிறது என்று பாப்பா சொல்கிறாளாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேற்றுக் கடையை அடைத்த பிறகு நானும் ஒரு பெட்டி ஒட்டிப் பார்த்தேன். பத்திரிகை அட்டை, போக்ஸ் கம்பி, என் வீட்டம்மாவின் பிய்ந்த செருப்பு. பாப்பா சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.

நடப்பது இதுதான். சக்கரம் சுற்றும்போது உலக்கையின் அடியை மேலே மட்டும் தள்ளுவதில்லை, சுற்றுகிற பக்கமாகக் கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது. அடி ஒரு பக்கம் இழுபட்டால் உலக்கை சாய்கிறது. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு அட்டையின் ஓட்டை, மொத்தமே 1 மில்லிமீட்டர் தடிமன். சாய்ந்த கம்பி அந்த ஓட்டையின் மேல்விளிம்பில் ஒரு பக்கமும் கீழ்விளிம்பில் எதிர்ப்பக்கமும் பல்லைக் கடித்துக்கொள்கிறது. எவ்வளவு பலமாகச் சுற்றுகிறோமோ அவ்வளவு இறுக்கமாகக் கடிக்கும். ஓட்டை பெரிதானால் சாய இன்னும் இடம் கிடைக்கிறது, கடியும் கூடுகிறது. பழைய மரமேசை டிராயரை ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள், அதே கதைதான்.

6 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

இதை எழுதிவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். பட்டறையில் ஒரு பழைய கறுப்பு மெஷின் முகத்தட்டைக் கழற்றியபடியே கிடந்தது. உள்ளே ஊசிக் கம்பி. மேலே ஒரு புஷ், அதாவது கம்பியைச் சுற்றிப் பிடிக்கிற குழல், கீழே இன்னொரு புஷ், இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. தினமும் கையால் தொடுகிற சாமான். அந்தக் கம்பி நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கியும் சிக்காததற்குக் காரணம் எண்ணெய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எண்ணெய் பாதிக் காரணம். மீதிப் பாதி, அதை இரண்டு இடத்தில் பிடித்திருப்பது.

ஆக, தங்கச்சி, மேல்மூடிக்கு 4 சென்டிமீட்டர் கீழே பெட்டிக்குள் இன்னொரு அட்டைத் தட்டு ஒட்டுங்கள். மேல் ஓட்டைக்கு நேர்கீழே அதிலும் ஓர் ஓட்டை. அது சரிப்படவில்லையா, கெட்டியான ரீஃபில் குழாயில் 4 சென்டிமீட்டர் நறுக்கி மேல்மூடியிலிருந்து கீழே தொங்குகிற மாதிரி ஒட்டி, உலக்கைக் கம்பியை அதற்குள் விடுங்கள். மெல்லிய ரீஃபிலில் போக்ஸ் கம்பி போகாது. உள்ளே மை மிச்சம் இருந்தால் முதலில் கழுவி எடுக்க வேண்டும். கழுவாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் சட்டைப் பையே சாட்சி.

7 செப்டம்பர்

ஓடுகிறதாம். பாப்பா நாற்பது தடவை சுற்றிவிட்டு, "இது நெல் குத்துகிற மாதிரி இல்லை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இருக்கிறது" என்றாளாம். கண் உள்ள பிள்ளை.

9 செப்டம்பர்

தண்ணீர் இறைக்கிற மாதிரி ஏன் தெரிகிறது? அவள் வெட்டியது வட்டம், ஓட்டையை மட்டும் நடுவிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறாள். அப்படிப்பட்ட சக்கரம் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே நிதானத்தில் செய்யும். உலக்கை அப்படி வேலை செய்வதில்லை. எங்கள் ஆச்சி குத்தியதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக மேலே போகும், மேலே போய் ஒரு கணம் நிற்கும், அப்புறம் "தொம்" என்று விழும். விழுகிறபோது ஆச்சியின் கை அதைப் பிடித்திருக்காது, கூடவே வரும்.

அதற்கு நத்தை ஓட்டின் வடிவத்தில் வெட்ட வேண்டும். அச்சிலிருந்து விளிம்புக்கு ஒரு பக்கம் 1.5 சென்டிமீட்டர். அங்கிருந்து சுற்றி வர வர அந்தத் தூரம் கூடிக்கொண்டே போய் 3 சென்டிமீட்டர் ஆகும். அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு வெட்டு, மறுபடி 1.5க்கு வந்துவிடும். உலக்கை ஒரு முழுச்சுற்று முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும், வெட்டு வந்ததும் தொபுக்கென்று விழும். முதலில் அட்டையில் வரைந்து, வெட்டி, சுற்றிப் பார்த்துத் திருத்திவிட்டு, அதை மாதிரியாக வைத்துச் செருப்பில் வெட்டுங்கள். பழைய செருப்பாக இருந்தாலும் நாலைந்து தடவை வீணாக்கினால் தீர்ந்துபோகும், இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று, அவ்வளவுதானே.

10 செப்டம்பர்

இரண்டு பின்குறிப்பு.

விழவில்லை என்றால் உலக்கையில் எடை போதவில்லை. ரீஃபிலுக்குள் உரசுகிற உரசலை மீறி விழ வேண்டுமே. நான் மெஷின் நட்டு மூன்றைக் கோத்தேன்.

செருப்பு ரப்பர் எதையும் பிடித்துக்கொள்ளும். தரையில் வழுக்காமல் இருக்கத்தானே செய்தார்கள். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் பார்சலுக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். பக்கவாட்டு இழுப்பு பாதியாகக் குறைகிறது. இதை முதலிலேயே செய்திருந்தால் 2ஆம் தேதி சிக்கலே இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் இரண்டாவது தட்டு வேண்டும்.

12 செப்டம்பர்

பாப்பா எடைக்கு என்ன செய்தாள் தெரியுமா? பழைய கனத்த 5 ரூபாய் நாணயம் ஒன்றை உலக்கையின் அடியில் பாதம் மாதிரி ஒட்டிவிட்டாள். 9 கிராம். எடையும் ஆயிற்று, சக்கரத்தின் மேல் வழுக்கிப் போக வழவழப்பான பாதமும் ஆயிற்று. காசு கொடுத்து வாங்கக் கூடாது என்றுதானே சபதம், காசையே போடக் கூடாது என்று இல்லையே என்கிறாள். நான் மூன்று நட்டுக்கு அரை மணி நேரம் செலவழித்தேன்.

12 செப்டம்பர், மாலை

நாணயம் வைத்ததில் புதுக் கூத்து. உலக்கை ஏறும்போது தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறதாம். பொம்மையின் கை அதோடு முறுக்கிக்கொள்கிறது.

சக்கரம் நாணயத்தின் நடுவில் படாமல் ஒரு ஓரத்தில் படுகிறது, வேறொன்றும் இல்லை. ஓரத்தில் பட்டால் தூக்கும்போதே திருப்பியும் விடும். அச்சில் சக்கரத்தைக் கொஞ்சம் நகர்த்தி நாணயத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் இந்தத் தப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் யசோதை தயிர் கடைய வேண்டும் என்றால் இதே தப்பைத்தான் வேண்டுமென்றே செய்யப் போகிறோம். நாணயத்தின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சக்கரம், ஒன்று தொடும்போது மற்றது தொடாதபடி வெட்டி, ஒன்று அச்சுக்கு முன்னால் இழுக்க, இன்னொன்று... இல்லை, பொறுங்கள். இரண்டும் ஒரே அச்சில் ஒரே பக்கம்தான் சுற்றும். இடது ஓரத்தில் பட்டால் ஒரு பக்கம் திரும்பும், வலது ஓரத்தில் பட்டால் எதிர்ப்பக்கம் திரும்பும். சரி, அப்போது மத்து முன்னும் பின்னும் திரும்பத்தான் செய்யும். செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

14 செப்டம்பர்

நடுவில் ஒருவர், "கொலுவில் அசைய வேண்டும் என்றால் தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை ஒன்று போதுமே, எதற்கு இந்த வம்பு" என்று கேட்டிருக்கிறார். அது வேறு வகை ஐயா. அதில் சக்கரமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். சாய்த்தால் எடை மேலே ஏறுகிறது, விட்டால் கீழே வரப் பார்க்கிறது, பொம்மை எழுந்து நிற்கிறது.

வீட்டில் செய்ய முட்டை ஓடு போதும். மேலே சின்ன ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஆம்லெட்டுக்கு அனுப்பிவிட்டு, முட்டையோட்டைக் கழுவிக் காயவைத்து, உருக்கின மெழுகை அடியில் விட்டு, நேராக நிறுத்தி ஆறவிடுங்கள். நான் சின்ன வயதில் மணல் போட்டேன். ஒரு தடவை சாய்ந்ததும் மணலும் கூடவே சாய்ந்துகொண்டது, பொம்மை அதோடு படுத்தே கிடந்தது.

15 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் பார்த்து இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தலையாட்டி என்றால் தலை தனியாக, இடுப்பு தனியாக, பாவாடை தனியாக ஆடுகிற நாட்டியக்காரிப் பொம்மைதான், உருண்டை அடி பொம்மை இல்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி. தஞ்சாவூரில் இரண்டும் உண்டு. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். உருண்டை அடி ராஜா ராணி ஒன்று. துண்டு துண்டாகச் செய்து, ஒவ்வொரு துண்டையும் கீழே இருப்பதன் மேல் கம்பியில் தொங்கவிட்ட ஆட்டக்காரி இன்னொன்று. ஆட்டக்காரியில் தலையின் எடை கம்பிக்குக் கீழே தொங்குகிறது, அதனால்தான் தட்டினால் ரொம்ப நேரம் ஆடுகிறாள். இதற்குமேல் சண்டை வேண்டாம், உலக்கை காத்திருக்கிறது.

17 செப்டம்பர்

பொம்மையின் கையைப் பற்றி. பாப்பா முதலில் கையைக் கம்பியால் இயக்கி, கை உலக்கையைத் தூக்க வேண்டும் என்று முயன்றாளாம். வேண்டாம். கை உலக்கையைத் தூக்கவே வேண்டியதில்லை. உலக்கை உரலின் அடி ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, சக்கரத்தின் மேல் நிற்கிறது. சக்கரம் உலக்கையைத் தூக்குகிறது, உலக்கை அவள் கையைத் தூக்குகிறது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவள்தான் குத்துவாள். தோள் மட்டும் தொளதொளவென்று இருந்தால் போதும்.

தோளுக்குச் சைக்கிள் வால்டியூப், டியூபில் காற்றடிக்கிற வாயில் மாட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாய். ஒரு சென்டிமீட்டர் நறுக்கி, இரண்டு முனையிலும் தீக்குச்சி செருகினால் எந்தப் பக்கமும் மடங்குகிற மூட்டு. இந்த யோசனை என்னுடையது இல்லை. அரவிந்த் குப்தா 1978இல் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் வேலை செய்தபோது இப்படித் தீக்குச்சியும் வால்டியூபும் வைத்து முக்கோணம், சதுரம் எல்லாம் செய்து காட்டியவர். முக்கோணம் அசையாது, சதுரம் நசுங்கும். ஐஐடியில் படித்து லாரி கம்பெனியில் வேலை பார்த்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் குப்பையில் பொம்மை செய்தார், 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு அறிவியல் முகாமில் என் பையன் இந்த மூட்டைக் கற்றுக்கொண்டு வந்து எனக்குக் காட்டினான். அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரு தீக்குச்சி மிச்சமில்லை, காலையில் அடுப்புப் பற்றவைக்கப் பக்கத்து வீட்டில் வாங்கினோம்.

இப்போதெல்லாம் சைக்கிளில் வால்டியூப் அருகிவிட்டது. சைக்கிள் கடையில் பழைய டியூப் மூட்டையில் தேடினால் கிடைக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள்.

18 செப்டம்பர்

பிள்ளையார் சதுர்த்தி. பட்டறை லீவு. கொழுக்கட்டை மட்டும்.

20 செப்டம்பர்

கோழி கொத்த வேண்டும், பெண் தலையைத் திருப்ப வேண்டும், பின்னால் மாடு வாலை ஆட்ட வேண்டும் என்று பாப்பாவின் பட்டியல் நீண்டிருக்கிறது. தங்கச்சி கவலைப்படுகிறார்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலி இருக்கிறதே, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துப் போனது. ஆள் நீளத்துக்கு ஒரு மரப்புலி, கீழே ஒரு வெள்ளைக்காரன். பக்கத்தில் கைப்பிடி. சுற்றினால் துருத்திகள் ஊதிப் புலி உறுமும், மனிதன் அலறுவான். சத்தத்தை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தால் அசைவது எது? அந்த மனிதனின் ஒரு கை, அதுவும் முழங்கைவரை. புலி அசையவே அசையாது. ஒரு ராஜாவுக்கே அந்த ஒரு கை போதுமாக இருந்திருக்கிறது.

கோழி வேண்டுமானால் வைக்கட்டும். மாட்டை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

23 செப்டம்பர்

கொஞ்சம் வழி விலகுகிறேன்.

எங்கள் பக்கம் பனங்காடு. நுங்கு சீசனில் நோண்டித் தின்ற காய் இரண்டை எடுத்து, ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் குத்தி, கவட்டைக் கம்பு ஒன்றை நடுவில் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் போன வாரம் நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: அதில் சக்கரம் அச்சின் மேல் சுற்றுவதில்லை. சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுற்றுகின்றன, கவட்டையில்தான் உரசல். அதனால்தான் கவட்டைப் பட்டை உரிந்து வழவழவென்று ஆன பிறகு வண்டி பறக்கும். முதல் நாள் வண்டி எப்போதும் கிறீச்சிடும். நாங்கள் எச்சில் தொட்டுத் தடவுவோம்.

பனையோலைக் காத்தாடிக்குக் கருவேல முள். முள் இறுகினால் சுற்றாது, தளர்ந்தால் தாளம் தப்பும், ஓலை கிழியும். அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. முள்ளை ஒரு தடவை முழுக்கக் குத்தி, ஒரு சுற்று முறுக்கி, பாதி வெளியே இழுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குப் பத்து வயது. எனக்கு எட்டு.

24 செப்டம்பர்

ஒருவர் ரசித்துவிட்டுச் சங்க இலக்கியத்தில் பொம்மை வண்டி உண்டா என்று கேட்கிறார். உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்படும்படி செய்த "ஊரா நற்றேர்" வருகிறது, ஏறிப் போக முடியாத தேர், உருட்ட மட்டும். பட்டினப்பாலையில் குதிரை இல்லாமல் பிள்ளைகள் உருட்டும் "முக்காற் சிறுதேர்". கோழியை விரட்ட ஒரு பெண் எறிந்த காதணி அந்தத் தேருக்குக் குறுக்கே கிடந்து வழிமறிக்கிறது. எல்லோரும் காதணியின் செல்வத்தைப் பேசுவார்கள். எனக்கு அந்த மூன்று சக்கரம்தான் முக்கியம். நாலு சக்கரம் வைத்தால் மேடுபள்ளத் தரையில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், வண்டி தடதடக்கும். மூன்று எப்போதும் தரையில் உட்காரும். நம் நடைவண்டிக்கும் மூன்றுதான். செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

28 செப்டம்பர்

கைப்பிடி வேண்டாம், தானாக ஓட வேண்டும், வருகிறவர்கள் எல்லோரையும் சுற்றச் சொல்ல முடியுமா என்று தங்கச்சியின் வீட்டுக்காரர் கேட்கிறாராம். பழைய பொம்மைக் காரின் மோட்டாரை எடுத்து வைத்தார், உலக்கை தையல் மெஷின் வேகத்தில் அடித்து நாணயம் கழன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது. சின்ன மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். நமக்கு வேண்டியது இருபது. ரப்பர் பேண்டும் சின்னச் சக்கரமும் பெரிய சக்கரமும் வைத்து இரண்டு மூன்று கட்டமாகக் குறைக்க வேண்டும், பெட்டி கொலுப்படியைவிடப் பெரிதாகிவிடும்.

மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றுகிற மோட்டார் நிமிஷத்துக்கு ஐந்து சுற்றுதான், அழகாக இருக்கும் என்று வேறொருவர் சொன்னார். சுற்று சரிதான். பெரும்பாலும் அது நேரே வீட்டுக் கரண்டில் ஓடுவது. அட்டைப்பெட்டி, ரப்பர், பட்டுப்பாவாடை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, 230 வோல்ட். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு காலத்தில் கரண்ட் மோட்டாரே இல்லாமல் ஒன்று சுற்றியது. ஜீரோ வாட் பல்பின் மேல் காகித உருளை, மேல் தட்டில் சாய்வாக வெட்டிய இதழ்கள், ஊசி முனையில் நிற்கும். பல்பின் சூட்டில் காற்று மேலெழும்பி உருளை சுற்றும், அதில் வரைந்த மீன்கள் சுவரில் நீந்தும். பெயர்தான் ஜீரோ, 15 வாட் குடிக்கும், அந்தச் சூடுதான் இன்ஜின். போன வருஷம் அதே உருளையை எல்இடி பல்பின் மேல் வைத்தேன். மீன்கள் நின்ற இடத்தில் நின்றன.

ஆகவே கை. கையாலேயே சுற்றட்டும்.

5 அக்டோபர்

பெரிய விபத்து. தங்கச்சியின் அண்ணன் வந்திருந்தார், ஆசையாகக் கைப்பிடியைப் பிடித்தார், இடப்பக்கம் சுற்றினார். நத்தையின் செங்குத்து வெட்டு நாணயத்தில் முட்டியது. அவர் பலசாலி. உலக்கை கோணிவிட்டது, இரண்டாவது தட்டு கிழிந்தது, பாப்பா அழுதாள்.

தப்பு என்னுடையது. நத்தைச் சக்கரம் ஒரு பக்கம்தான் சுற்றும் என்று 9ஆம் தேதியே சொல்லியிருக்க வேண்டும். அம்புக்குறி வரைந்து ஒட்டுங்கள்.

சீவக சிந்தாமணியில் அரசிக்காகச் செய்த மயிற்பொறி ஞாபகம் வருகிறது. விசையை வலப்பக்கம் திரித்தால் மேகத்தைப் பிளந்து பறக்கும், இடப்பக்கம் திரித்தால் கீழே வந்து காலைக் குவித்து உட்காரும். கதையில் வந்த மயிலே இரண்டு பக்கமும் தாங்கியது, நம் உலக்கை ஒரு மாமனைத் தாங்கவில்லை.

6 அக்டோபர்

அம்புக்குறியை ஒருவரும் பார்ப்பதில்லை என்று பதில் வந்திருக்கிறது. என் கடை வாசலில் "தள்ளவும்" என்று எழுதி வைத்திருக்கிற கதவை இழுக்கிறவர்கள்தான் அதிகம், அதனால் நம்புகிறேன்.

8 அக்டோபர்

இரண்டு நாள் இதோடு மல்லுக்கட்டினேன். சோடா மூடிக்கு 21 பல் உண்டு. அதை அச்சில் மாட்டி, பாட்டில் பிளாஸ்டிக்கில் ஒரு நாக்கு வெட்டி, பல்லில் படும்படி சாய்த்து ஒட்டினால் ஒரு பக்கம் டக்டக்கென்று போகும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். டக்டக் வந்தது. மறுபக்கமும் டக்டக்தான். சோடா மூடியின் பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவு, வழவழப்பு. நாக்கு வழுக்கிக்கொண்டே போகிறது. செருப்பில் ரம்பப் பல் வெட்டலாம், ஆனால் அப்போதும் சுற்றுகிறவர் பலமாக இருந்தால் நாக்கு பிய்யும்.

செங்குத்து வெட்டைச் சரிவாக்கலாம் என்றால் "தொம்" போய்விடும். அதற்காகத்தானே இவ்வளவும்.

11 அக்டோபர்

பாப்பா கண்டுபிடித்துவிட்டாள். மூன்று தடவை படித்தேன், அப்புறம் செய்து பார்த்தேன், அப்புறம் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

தண்ணீர் பாட்டிலின் கழுத்தை மரையோடு அறுத்து எடுத்திருக்கிறாள். கழுத்துக்குள் செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி இறுக்கி அடைத்து, நடுவில் போக்ஸ் கம்பியைக் குத்திப் பசை போட்டிருக்கிறாள். கழுத்து இப்போது அச்சோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடி என்பது பாட்டிலின் மூடி, அதன் மேல் ஓர் ஐஸ் குச்சி. வலப்பக்கம் சுற்றினால் மூடி மரையில் இறுகும், இறுகின பிறகு அச்சையும் சேர்த்துச் சுற்றும். இடப்பக்கம் சுற்றினால் மூடி கழன்று வரும். அச்சு அப்படியே நிற்கும்.

ரொம்ப இறுகிவிட்டால் இடப்பக்கம் திருப்பும்போது அச்சையும் இழுக்காதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நூறு சுற்று சுற்றிப் பார்த்தேன். இழுக்கவில்லை. மூடி எவ்வளவு இறுகும் என்றால், 9 கிராம் நாணயத்தையும் உலக்கையையும் தூக்குகிற அளவுக்குத்தான். அதற்குமேல் இறுக அதற்கு வேலை இல்லை. அந்த இறுக்கம் கழல, நத்தை நாணயத்தில் முட்டிக் கோணுகிற பலத்தில் கால்பங்குகூட வேண்டியிருக்கவில்லை. ஒரே எச்சரிக்கை, சக்கரம் எங்கேயாவது சிக்கி நிற்கும்போது வலப்பக்கமே முக்கித் திருகினால் இறுகிவிடும்.

கொலுப் பெட்டியில் கழுத்து எந்தப் பக்கச் சுவரில் வர வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் நத்தையை வெட்ட வேண்டும். வலப்பக்கச் சுவரில் கைப்பிடி வைப்பதற்கும் இடப்பக்கச் சுவரில் வைப்பதற்கும் நத்தை கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறும். நான் மாற்றி ஒட்டிவிட்டு, பாப்பாவின் யோசனைதான் தப்பு என்று ஐந்து நிமிஷம் நினைத்தேன்.

14 அக்டோபர்

நாளை கொலு ஆரம்பம். யசோதையின் மத்து விஷயம்: செய்து பார்த்தேன், திரும்புகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கியும் தொலைக்கிறது. தயிர் சிந்துகிற யசோதை. அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.

23 அக்டோபர்

ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்த பிறகு, என் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தேன். வீட்டம்மா தன் செருப்பை அடையாளம் கண்டுகொண்டாள்.

25 அக்டோபர்

தங்கச்சியிடமிருந்து கடைசிச் செய்தி. சரஸ்வதி பூஜை அன்று அதே அண்ணன் மறுபடி வந்தாராம். இந்தத் தடவை நிதானமாகவே கைப்பிடியைப் பிடித்தார். மறுபடியும் இடப்பக்கம். மூடி கையோடு வந்துவிட்டது. மறுபடி உடைத்துவிட்டோம் என்று நினைத்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பாயசம் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் கொலுவை எடுத்து வைக்கும்போது மூடி, ஐஸ் குச்சியோடு, செட்டியார் பொம்மையின் பின்னால் பத்திரமாக இருந்ததாம்.